வால்வெள்ளியைப் பூட்டும் கை

கொக்குவில்
11.02.2024

கர்த்தருக்குள் அன்பான அண்ணைக்கு,

தம்பி டிலக்ஷன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும் நிமலினியும் அம்மாவும் சுகம். நீங்களும் பிரசாந்தி மச்சாளும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே, தம்பிக்கு மண்டையில் ஏதும் கழன்றுவிட்டதோ என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. போனில் நாங்கள் என்ன கதைக்கிறோம்? "சாப்பிட்டாச்சோ? அங்கை மழையோ? சரி, வைக்கிறன்." நீங்கள் சுவிசுக்குப் போன நாள் முதல் இதே பாட்டு. தவிர, கொஞ்ச நாளாக என் குரல் கெட்டுக் கிடக்கிறது. குடித்துவிட்டுக் கதைப்பது போல இருக்கிறதாம், நிமலினி சொல்கிறாள். ஆகவே இனிமேல் போன் வேண்டாம், கடிதம்தான். விளையாட்டுச் சாமான் சேகரிக்கிற ஆட்கள் நாங்கள், கடிதத்தையும் பெட்டியோடு சேர்த்து வைக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். வால்வெள்ளி கடைக்கு வந்துவிட்டது, அண்ணை! பெட்டியில் இருக்கிற ஜப்பான் பெயர் உங்கள் வாயிலும் நுழையாது, என் வாயிலும் நுழையாது, எங்களுக்கு அது வால்வெள்ளிதான். நீங்கள் முன்பு அனுப்பிய சின்ன விண்கப்பல் என் உள்ளங்கைக்குள் அடங்கும். இது முழங்கை நீளம். எலும்பெல்லாம் இரும்பு. செட்டை, இயந்திரம், கால் எல்லாம் தனித்தனியாக வரும், நாங்களே பொருத்திப் பூட்டவேண்டும். பூட்டிய பிறகு மடித்துத் திருப்பினால் கப்பல் எழும்பி நின்று மனிதனாகும். கொம்பியூட்டரில் படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

யானை விலை குதிரை விலைதான். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், வாங்கி அனுப்புங்கள். அதை என் கையால் பூட்டவேண்டும். கெதியில் வேண்டும், பிந்தக்கூடாது.

அம்மாவிடம் சொன்னேன். "கப்பலா நிண்டா விறாந்தையிலை வை, நோவாவின்ரை பேழை மாதிரி இருக்கும். மனிசனா நிண்டா அது விக்கிரகம், அலுமாரிக்கை வை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டா.

என்றும் உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
டிலக்ஷன்

பேர்ண்
03.03.2024

அன்புத் தம்பிக்கு,

அண்ணை றோகான் எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகமே எங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி?

உன் கடிதத்தைப் பார்த்ததும் பிரசாந்தி பயந்துவிட்டாள். வக்கீல் கடிதமோ என்று நினைத்தாளாம். கடைசியாக நான் பேனை பிடித்தது எப்போது என்று எனக்கே ஞாபகமில்லை. உணவகத்தில் பேனை எதற்கு, கரண்டிதான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டு நான் இல்லை என்பேனா? அடுத்த நாளே வாங்கினேன். ட்ராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், கைக்குழந்தை போல. வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துப் பார்த்தால், வலது பக்கத்துக் கீழ் மூலை நசிந்திருக்கிறது! நகமளவு நசிவு, ஆனால் நசிவு நசிவுதானே. திரும்ப அதே ட்ராமில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் அதுதான் கடைசிப் பெட்டியாம். அடுத்தது வரும்போது முதல் ஆளாய் எனக்குத் தருவார்களாம்.

ஆகவே கொஞ்சம் பொறு. நசிந்த பெட்டியை அனுப்பினால் நீ என்னை மனிசனாய் மதிப்பாயா?

அம்மாவுக்கும் நிமலினிக்கும் என் அன்பு.
அண்ணை

கொக்குவில்
27.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும். அம்மாவின் முழங்கால் பெரிய வெள்ளிக்கு முழங்காலில் நின்று ஜெபிக்கிற அளவுக்குத் தேறிவிட்டது.

திருப்பிக் கொடுத்தது பிழை, அண்ணை. மூலை நசிந்தால் என்ன, உள்ளே கப்பல் நசியவில்லையே. கடைக்காரன் அதை இன்னும் விற்காமல் வைத்திருந்தால், இந்தக் கடிதம் கிடைத்த கையோடு ஓடிப்போய் வாங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அது வரும் வரைக்கும் சின்னக் கப்பலை எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். முன்பு கண்ணை மூடிக்கொண்டே திருப்புவேன், தெரியும்தானே. இப்போது அதன் மூட்டுகள் இறுகிவிட்டன. தோளைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. உப்புக் காற்றாக இருக்கும். நெஞ்சுக் கதவைத் திறக்கப் பெருவிரலால் அழுத்தவேண்டுமே, அது முந்தநாள் திறக்கவே இல்லை.

என் பெருவிரலும் கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது. போன மாதம் கொழும்பில் நரம்பு டொக்டர் ஒருவரிடம் காட்டினோம். ஊசியால் குத்தினார், மின்சாரம் விட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். கனநேரம் நிமலினியோடு கதைத்தார். எனக்கு விற்றமின் எழுதித் தந்தார். பயப்பட ஒன்றுமில்லை.

கடைக்குப் போங்கள், அண்ணை.

அன்புடன்,
டிலக்ஷன்

பேர்ண்
20.04.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை வாசித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். மூலை நசிந்தால் என்னவாம்! நீயா கதைக்கிறாய்? சின்னக் கப்பலின் செட்டையில் ஸ்ரிக்கர் ஒரு மயிரிழை சரிந்திருந்தது என்று ஒரு கிழமை என்னோடு கதைக்காமல் இருந்தவன் நீயா? அண்ணைக்கு அலைச்சல் வைக்கக்கூடாது என்று பெருந்தன்மை காட்டுகிறாய். எனக்கு அது விளங்காதென்று நினைக்காதே.

கடைக்குப் போய்க் கேட்டேன்தான். அந்தப் பெட்டியை யாரோ சின்னப் பெடியன் வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். ஆனியில் புதுசு வரும் என்கிறார்கள்.

மூட்டுக்கு இந்தக் கடிதத்தோடு சிலிக்கன் எண்ணெய் ஒரு சின்னக் குப்பி அனுப்புகிறேன். ஊசி முனையளவு விடு, அரை நாள் விட்டு வை, பிறகு மெதுவாகத் திருப்பு. பலவந்தம் பண்ணாதே, மூட்டுக்குள் இருக்கிற பல் உடைந்துவிடும். மிஞ்சினால் உன் சோம்பேறிப் பெருவிரலுக்கும் ஒரு சொட்டு விடு!

அம்மாவை நேற்றுப் போனில் கேட்டேன். எல்லோரும் சுகம் என்றா. ஏன் கெதியாய் வைத்துவிட்டா? நிமலினியைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அண்ணை

கொக்குவில்
02.06.2024

அண்ணைக்கு,

சுகம். சுகமறிய ஆவல். எழுத்துக் கோணலாக இருந்தால் பேனை சரியில்லை.

எண்ணெய் கிடைத்தது. விட்டேன். மூட்டு அசையவில்லை. பழைய சாமான் அப்படித்தான்.

போன் திருத்துகிற கடையை, வேலைக்கு நிற்கிற சுபாஸின் பொறுப்பில் விட்டிருக்கிறேன். கொஞ்சம் ஓய்வு.

வால்வெள்ளி வந்தால் உடனே தபாலில் போடுங்கள். பெட்டி இல்லாமலும் பரவாயில்லை. பழைய துணியில் சுற்றி அனுப்பினாலும் வாங்குவேன். பெட்டியை யார் பார்க்கப்போகிறார்கள்?

கெதியில், அண்ணை.

டிலக்ஷன்

பேர்ண்
23.06.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் அவ்விதமே இருக்க ஜெபம். பெட்டி இல்லாமலா? காய்ச்சலோ உனக்கு? அந்தப் பேனையை முதலில் எறி, உன் எழுத்து கோழி கிளறின மாதிரிக் கிடக்கிறது என்று சின்னவள்கூடச் சிரிக்கிறாள். உனக்கு அவசரம் என்பது விளங்குகிறது. எனக்கு மட்டும் இல்லையா?

வந்துவிட்டது! எட்டு மூலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி போல இருக்கிறது. டேப் வெட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. என் பிள்ளைகளைத் தொட விடவில்லை. கடையில் காட்சிக்குப் பூட்டி வைத்திருப்பதைத்தான் கையில் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பாரம்! கோழி முட்டையிடுகிற நேரம் தூக்கினால் இருக்குமே, அப்படி ஒரு சூடான பாரம். அதன் மூக்கில் ஒரு விசேஷம் வைத்திருக்கிறான்கள். சொல்லமாட்டேன், நீயே மடித்துக் கண்டுபிடி.

தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. மூட்டையோடு மூட்டையாய் எறிவார்கள், சுங்கத்தில் பிரிப்பார்கள். என்னோடு வேலை செய்கிற கனிசியஸ், தன் தங்கையின் கலியாணத்துக்கு ஆவணியில் அச்சுவேலிக்கு வருகிறான். கையில் கொண்டுவந்து தருவான். இவ்வளவு பொறுத்தாய், இன்னும் கொஞ்சம் பொறு.

அன்புடன்,
அண்ணை

கொக்குவில்
08.09.2024

கர்த்தருக்குள் அன்பான அண்ணைக்கு,

நாங்கள் எல்லோரும் பூரண சுகம். என் கையெல்லாம் எண்ணெயாக இருப்பதால் நான் சொல்லச் சொல்ல நிமலினி எழுதுகிறாள்.

அச்சுவேலிக் கலியாண வீட்டில் போய் நிமலினிதான் பெட்டியை வாங்கிவந்தாள். எனக்கு அன்று வேறு அலுவல். கனிசியஸ் தங்கமான பெடியன், ஒரு கீறல்கூட இல்லாமல் கொண்டுவந்திருக்கிறான்.

பூட்டிவிட்டேன், அண்ணை. எப்படிச் சொல்ல! முதலில் கால்கள், பிறகு இயந்திரம், கடைசியில் செட்டை. ஒவ்வொரு துண்டும் தன் இடத்துக்குப் போகும்போது ஒரு இறுக்கம் இருக்கிறது பாருங்கள், விரல் நுனிக்கு மட்டும் விளங்குகிற இறுக்கம். இவ்வளவு அழுத்தினால் போதும், இதற்கு மேல் வேண்டாம் என்று சாமானே சொல்லும். நெஞ்சுக் கதவைப் பெருவிரலால் தள்ளினேன், வெண்ணெய் போலத் திறந்தது. இரும்பு முதலில் குளிர்ந்து கிடந்தது, என் கைச்சூட்டில் மெல்ல மெல்ல இளஞ்சூடாகிவிட்டது. மூக்கின் விசேஷத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். மடிக்கும்போது உள்ளே பல் விழுந்து கடக், கடக் என்று கேட்கிறது. என்ன சுகமான சத்தம்!

இதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை. நீங்கள் செய்ததற்கு நன்றி சொன்னால் கோபிப்பீர்கள், சொல்லாமல் விடுகிறேன்.

அன்புத் தம்பி,
டிலக்ஷன்

பேர்ண்
29.09.2024

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை வேலையில் இடைவேளைக்குள் வாசித்தேன். கனிசியஸுக்கும் வாசித்துக் காட்டினேன். செட்டை, கால், கைச்சூடு எல்லாம் கேட்டு அவனுக்கே கண் கலங்கியது. பிறகு மூக்குக்கு வந்தேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

பெரிய வால்வெள்ளியின் மூக்கில் பல் இல்லை, டிலக்ஷன். காந்தம். விரலை எடுத்தால் சத்தமில்லாமல் தானாக உள்ளே போகும். அதுதான் விசேஷம். கடக் கடக் என்பது உன் பழைய சின்னக் கப்பல். ஒரு முறை மடித்தவனுக்கு இந்தப் பிழை வராது. உனக்கு வரவே வராது.

நீ அதைத் திறக்கவில்லை. ஏன்? படம் அனுப்பு என்று எத்தனை தரம் கேட்டேன், ஒன்றும் வரவில்லை. நான் பிந்தியதற்குக் கோபமா? யாருக்கும் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் கொடுத்ததாகச் சொல்லு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் இவ்வளவு வடிவாய்ப் பொய் சொல்கிறாயே, அதுதான் எனக்கு நோகிறது. எங்களுக்குள் மற்றதெல்லாம் போய்விட்டது, இந்த விளையாட்டுச் சாமான் ஒன்றுதான் மிச்சம். அதிலுமா?

உண்மையை எழுது.

றோகான்

கொக்குவில்
16.10.2024

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

நிமலினி எழுதுகிறேன். நீங்களும் பிரசாந்தி அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும். இங்கு சுகம் என்று இனி என்னால் எழுத முடியாது.

உங்கள் தம்பிக்கு வந்திருப்பது நரம்புகள் ஒவ்வொன்றாய்ச் சாகிற வருத்தம். மருந்து இல்லை. கை, நாக்கு, பிறகு விழுங்குவது, கடைசியில் மூச்சு. முதல் கடிதத்துக்கு முந்தின கிழமை கொழும்பு டொக்டர் எங்கள் இருவருக்கும் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டார். போன் வேண்டாம் என்றது நாக்குக்காக. சின்னக் கப்பலின் மூட்டு இறுகவில்லை, அத்தான். சுபாஸ் வந்த ஒரு நாள் அதை எடுத்து ஒரு விரலால் திருப்பினான். "அண்ணை, இது லூசாயெல்லோ கிடக்கு" என்றான். இவர் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணைக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டு வந்திடுவார். பிறகு திரும்பிப் போக விடமாட்டாங்கள். அந்தப் பிள்ளையள் என்ன செய்யிறது?" என்று சொல்லி என்னை அடக்கினார். மாமியை வேதப்புத்தகத்தில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினார். உங்களிடம் "எல்லாரும் சுகம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, மாமி ஒவ்வொரு முறையும் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்பா. உங்களுக்கு அது தெரியாது.

பெட்டியை நான் அச்சுவேலியிலிருந்து கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். டேப்பைப் பிடிக்க அவருடைய விரல் வளையவில்லை. நான் வெட்டப் போனேன், விடவில்லை. அன்று பகல் முழுக்க அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு உங்களுக்கு எழுதச் சொன்னார். அவர் சொல்வது இப்போது எனக்கு மட்டும்தான் விளங்கும். கால், செட்டை, வெண்ணெய் போலத் திறந்த கதவு எல்லாம் அவர் மூடிய பெட்டியை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதியவை. எனக்கு அழுகை வந்தது, எழுத்தில் காட்டவில்லை.

சித்திரை வரைக்கும் இரண்டு கையும் ஓரளவு வேலை செய்தன. மாசியில் வாங்கிய அந்தப் பெட்டி வந்திருந்தால் பூட்டியிருப்பார். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய். உங்களுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
நிமலினி

பேர்ண்
02.11.2024

நிமலினிக்கு, என் தம்பிக்கு,

ஆண்டவர் உங்களோடு இருக்கட்டும். போனில் நீர் அழுதீர், நான் அழுதேன், வேறு ஒன்றும் கதைக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். தம்பிக்கு வாசித்துக் காட்டும்.

வக்கீலிடம் போனேன். அகதி என்று சொல்லி வந்தவன் அந்த நாட்டுக்கே போனால் திரும்பி வரும் கதை சந்தேகம்தான் என்றார். பிரசாந்தி "போங்கோ" என்றும் சொல்லவில்லை, "போகாதேங்கோ" என்றும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மூத்தவள் மேசையில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே கனநேரம் இருந்தேன்.

நான் வரவில்லை, தம்பி. நீ நினைத்ததைப் போல எல்லாவற்றையும் எறிந்துவிட்டு வருகிற அண்ணை நான் இல்லை. நீ இவ்வளவு பாடுபட்டு மறைத்திருக்கத் தேவையே இல்லை.

நிமலினி, ஒரு உதவி செய்யும். பெட்டியைத் திறவும். கவனம் வேண்டாம், கிழித்துத் திறவும். நீர் பூட்டும், அவன் கண்ணால் சொல்லட்டும். முதலில் கால், செட்டை கடைசியில். எதுவும் இறுகினால் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துத் திரும்பத் தள்ளும். வால்வெள்ளி எழும்பி நிற்பதை அவன் ஒரு தரம் பார்க்கட்டும். அந்தச் சந்தோஷத்தையாவது நான் கொடுத்தேன் என்று இருக்கட்டும்.

றோகான்

கொக்குவில்
01.12.2024

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இவருக்கு இப்போது ஆகாரம் குழாய் வழியாகத்தான். வாயால் கதைப்பது முற்றாக நின்றுவிட்டது. ஒரு மட்டையில் எழுத்துகளை எழுதி வைத்திருக்கிறேன். நான் விரலை வைத்துக்கொண்டு போவேன், வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணை இமைப்பார்.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நீங்கள் வரவில்லை என்ற இடத்தில் அவர் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. இது உங்களைத் தேற்ற எழுதுவதல்ல. பெட்டியைத் திறக்கவா என்று கேட்டேன். இமைக்கவில்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் இமைத்தார். என் கரைச்சல் தாங்காமல் இமைத்திருக்கிறார் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

சனிக்கிழமை மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டு நானும் மாமியும் இருந்தோம். மாமி துண்டுகளை எடுத்துத் தந்தா, நான் பூட்டினேன். பிழையான துண்டை எடுத்தால் அவர் கண் பதறும். "உது இல்லையாம் பிள்ளை, மற்றது" என்பா மாமி. என் விரலுக்கு இதெல்லாம் புதிது. ஒரு செட்டையை மறுவளமாகப் பூட்டிவிட்டேன், கழற்றும்போது கீறிவிட்டது. அவர் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்றாலும் விளக்குக் கொளுத்துகிற நேரத்துக்குக் கப்பல் வந்துவிட்டது. பிறகு திருப்பினோம். மாமி, விக்கிரகம் என்று சொன்ன மாமி, தன் கையாலேயே அதன் இரண்டு கைகளையும் உயர்த்தி வைத்தா. மூக்கிலிருந்து விரலை எடுத்தேன். நீங்கள் சொன்னபடி சத்தமில்லாமல் உள்ளே போனது.

"பாருங்கோவன்!" என்று சந்தோஷத்தில் கத்திக்கொண்டு திரும்பினேன். அவர் கண்ணை மூடியிருந்தார். மூச்சுத்தான் முட்டுகிறதோ என்று பயந்து நெஞ்சைத் தடவினேன். அதெல்லாம் இல்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. துடைத்தேன், நிற்கவில்லை. வால்வெள்ளியை மற்ற அறைக்குக் கொண்டுபோகும் வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அவருக்கு அதைப் பார்க்கவா ஆசை, அத்தான்? பூட்டத்தான் ஆசை. மூடிய பெட்டியை மடியில் வைத்திருந்தபோது மனதால் எத்தனை தரமும் பூட்டியிருப்பார், தன் கையாலேயே. நாங்கள் அவருக்கு முன்னால் வைத்து, எங்கள் கையால், ஒரேயடியாகப் பூட்டி முடித்துவிட்டோம். கேட்டது நீங்கள், செய்தது நான். அவரை இவ்வளவு நேசிக்கிற எங்கள் இருவருக்கும் இது விளங்கவில்லையே.

அடுத்த நாள் மட்டையைக் கொண்டுபோனேன். கனநேரம் எடுத்து எழுத்தெழுத்தாய்ச் சொன்னார். சேர்த்து வாசித்தால், "நல்ல வடிவு எண்டு அண்ணைக்கு எழுது" என்று வந்தது.

எழுதிவிட்டேன், அத்தான். நல்ல வடிவாம்.

இப்படிக்கு,
நிமலினி